குக்கரின் மூன்றாவது விசில்

என் பெரிய அத்தைக்குத் தலைவலி வந்த நொடி எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். மத்திகிரி கூட்ரோட்டை ஒட்டிய வீடு. காலை ஏழு மணி இருக்கும். மாமா முதல் ஷிஃப்ட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிவிட்டார். அடுப்பில் துவரம்பருப்பு வெந்துகொண்டிருந்தது. குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் அடுப்பை அணைக்கக் கையை நீட்டியிருக்கிறார் அத்தை. அந்த விசிலோடு பிடரியில் ஓர் அடி விழுந்தது.

"உலக்கையால போட்டாப்ல இருந்துச்சு. யாருடா அடிச்சதுன்னு திரும்பிக்கூட பாத்தேன்" என்பார் பிற்பாடு. பின்னால் யாரும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். இரண்டு முறை வாந்தி எடுத்தார்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சிறிய கிளினிக்குக்கு அழைத்துப் போனார். பித்தம் தலைக்கேறியிருக்கும், பிபியும் கொஞ்சம் கூடுதல் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வலி கொஞ்சம் தணிந்தது, அத்தை படுத்துவிட்டார். மாலையில் மாமா வந்து பார்க்கும்போது விளக்கு வெளிச்சம் பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். கழுத்தைக் குனிய முடியவில்லை. வலது கண்ணின் இமை பாதி இறங்கியிருந்தது. அந்த இமையைப் பார்த்துத்தான் மாமா பயந்தார். கார் பிடித்து அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போனார்கள்.

அங்கே அவசரப் பிரிவில் ஒரு செவிலியர் கன்னடத்தில் கேட்ட முதல் கேள்வி: "தலெநோவு யாவாக ஷுரு ஆய்து?" தலைவலி எப்போது ஆரம்பித்தது. வலி எவ்வளவு, எந்தப் பக்கம், முன்பு வந்திருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அத்தை கண்ணை மூடியபடியே சொன்னார்: "குக்கர் மூணாவது விசில் வந்தப்ப."

அந்தப் பதிலைக் கேட்டதும் பணி மருத்துவர் எழுந்து நின்றுவிட்டார் என்று மாமா சொல்வார். ஒரு தலைவலி தொடங்கிய நொடியை ஒருவர் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார் என்றால், அது தலைக்குள் ரத்தம் கசிந்த தலைவலியாக இருக்கலாம். சாதாரணத் தலைவலிக்கு அப்படி ஒரு தொடக்கம் கிடையாது. "காலையிலேருந்து லேசா இருந்துச்சு, மத்தியானம் அதிகமாயிடுச்சு" என்றுதான் நாம் சொல்வோம்.

*

தலைவலிக்கும் பக்கவாதத்துக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் ஒரு நேரான பதிலை எதிர்பார்க்கிறார்கள். தலைவலி வந்தால் பக்கவாதம் வருமா? பக்கவாதம் வந்தால் தலை வலிக்குமா? இரண்டு கேள்விக்கும் பெரும்பாலும் "இல்லை" என்பதே பதில். அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்குள் அடங்காதவர்களைப் பற்றியது இந்த அத்தியாயம்.

மூளைக்கு வலி தெரியாது. விரலில் முள் குத்தினால் வலிப்பதை உணர்வது மூளைதான் என்றாலும், அதன் திசுவையே கத்தியால் தொட்டாலும் அதற்கு வலிக்காது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், வலிப்பு நோயாளிகளின் மண்டையோட்டைத் திறந்துவைத்து, அவர்கள் விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையைத் தொட்டு ஆராய்ந்தது இதனால்தான் முடிந்தது. வலியை உணர்பவை மூளையைச் சுற்றியிருக்கும் உறையும், அடிப்பகுதியில் ஓடும் பெரிய ரத்தக் குழாய்களும், கழுத்து வழியே மேலேறும் நாளங்களும். முகத்துக்கும் பிடரிக்கும் போகும் நரம்புகளே இவற்றின் செய்தியையும் சுமக்கின்றன. தலைக்குள் ஆழத்தில் நடப்பது நெற்றியிலோ கண்ணுக்குப் பின்னாலோ பிடரியிலோ வலிப்பதாக நமக்குத் தோன்றுவதன் காரணம் இது.

இதைப் புரிந்துகொண்டால் பக்கவாதத்தின் கொடுமையும் புரியும். பக்கவாதங்களில் பெரும்பகுதி ரத்தக் குழாய் அடைபட்டு வருபவை. அடைப்புக்கு அப்பால் இருக்கும் மூளைப் பகுதி ரத்தம் இல்லாமல் சாகிறது. ஆனால் அந்தப் பகுதிக்கு வலி என்ற மொழியே தெரியாது, அதனால் கத்துவதில்லை. இதே அடைப்பு இதயத்தில் நிகழ்ந்தால் மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். மூளையில் நிகழ்ந்தால் கையில் இருந்த டம்ளர் நழுவுகிறது, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது, "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று படுத்துவிடுகிறார். அடைப்பால் வரும் பக்கவாதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் தலைவலி இருக்கிறது. வலிக்கவில்லையே என்ற ஆறுதலில் எத்தனை பேர் கையையும் காலையும் இழந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஓசூர்ப் பக்கம் ஒரே தெருவில் மூன்று மொழிகள் புழங்கும். தமிழில் பக்கவாதம், தெலுங்கில் பட்சவாதம், கன்னடத்தில் பார்ஷ்வவாயு. பேச்சுவழக்கில் லக்வா. புத்தகச் சொற்கள் மூன்றிலும் காற்று இருக்கிறது. உடலின் ஒரு பக்கத்தில் வாதம் புகுந்துவிட்டது என்று நம் முன்னோர் கண்டது கையும் காலும் விழுந்துபோவதைத்தான். சேதம் நடந்த இடம் தலை என்பது அந்தப் பெயர்களில் இல்லை. இன்றும் கை கால் இழுத்துக்கொண்டால் கையையும் காலையும்தான் கவனிக்கிறோம். எண்ணெய் தேய்க்கிறோம், புறா ரத்தம் தடவுகிறோம். சிகிச்சைக்கு உரிய நேரம் அந்த எண்ணெயோடு வழிந்து போகிறது.

*

அத்தைக்கு வந்தது அடைப்பு அல்ல, கசிவு. மூளையின் அடிப்பகுதியில் ஒரு குழாயின் சுவர் மெலிந்து, சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைத்துக்கொள்வதுபோலப் புடைத்திருந்தது. பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இப்படி ஒரு புடைப்பு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். வெடித்தால்தான் ஆபத்து. வெடித்த நொடியில் ரத்தம் மூளையைச் சூழ்ந்த நீரில் பீய்ச்சி அடிக்கிறது, உறைகள் முழுக்க எரிகின்றன. ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விடும் அந்த வலியை மருத்துவர்கள் இடித் தலைவலி என்கிறார்கள். மேகம் கூடித் தூறி வலுக்கும் மழையைப் போல் வராமல், இடியாக இறங்குவதால் அந்தப் பெயர். ரத்தம் வடிந்து இறங்கி உறையை உறுத்தும்போது சில மணி நேரத்தில் கழுத்து விறைக்கும். புடைப்பு பக்கத்தில் போகும் கண் நரம்பை அழுத்தினால் இமை இறங்கும், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும். அத்தைக்கு வரிசையாக எல்லாம் வந்தது.

காலையில் ஊசி போட்டதும் வலி சற்றுக் குறைந்ததே, அதுதான் ஏமாற்றியது. பெரிய வெடிப்புக்கு முன்னால் சிறு கசிவு ஒன்று வந்து, திடீர்த் தலைவலியைக் கொடுத்துவிட்டு அடங்குவது உண்டு. ஊசிக்கு வலி கேட்டதால் நோய் சாதாரணமானது என்று பொருள் இல்லை. கசிவின் வலியும் வலிமருந்துக்குக் குறையும்.

கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. ஒரு மணி நேரத்துக்குள் உச்சத்தை எட்டிய தலைவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 3132 பேரை எடுத்துக்கொண்டார்கள். கை கால் நன்றாக அசைகிறது, நினைவு தெளிவாக இருக்கிறது, தலைவலி மட்டும்தான். அவர்களில் 240 பேருக்கு மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருந்தது. அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கசிவு இல்லை. இது ஆறுதல் தரும் எண். இன்னோர் எண் அதைவிட முக்கியம். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் சி.டி. ஸ்கேன் எடுத்த 953 பேரில், கசிவு இருந்த 121 பேரையும் ஸ்கேன் ஒருவர் விடாமல் காட்டிக்கொடுத்தது. 6 மணி நேரம் கடந்து எடுத்த ஸ்கேன்கள் ஏழில் ஒருவரைத் தவறவிட்டன. கசிந்த ரத்தம் மூளைநீரில் கரைந்து நிறம் மங்கிவிடுவதே காரணம். அப்போது முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அத்தைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் ஸ்கேனில் ரத்தம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. அது அவருடைய அதிர்ஷ்டம். தொடை நாளம் வழியே மெல்லிய குழாயை ஏற்றி, புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை வைத்து அடைத்தார்கள். அத்தோடு முடியவில்லை. கசிந்த ரத்தம் சுற்றியிருக்கும் குழாய்களைச் சுருங்க வைக்கும். நாலாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை அந்தப் பயம் உண்டு. கசிவாகத் தொடங்கியது அடைப்பாக முடியக்கூடும். 21 நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நள்ளிரவிலும் எழுப்பி மாத்திரை கொடுத்தார்கள். இந்த நோயில் மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. அத்தை பிழைத்தார்.

*

இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு யாரும் வாராவாரம் வரும் ஒற்றைத் தலைவலிக்காகப் பயந்து நடுங்கக் கூடாது. எனக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு. எனக்கு வலிக்கு முன்னால் ஒளி வரும். படிக்கிற பக்கத்தின் நடுவில் ஓர் எழுத்து காணாமல் போகும். அந்த ஓட்டையைச் சுற்றி அரிவாள் விளிம்புபோல ஒரு மின்னும் கோடு தோன்றும். இருபது நிமிடத்தில் அது வளைந்து வளர்ந்து பார்வையின் ஓரத்துக்கு நகர்ந்து மறையும். அப்புறம்தான் வலி.

இதே கோட்டை அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி தன் கண்ணிலேயே கண்டு, அது நகரும் வேகத்தைக் கணக்குப் போட்டார். மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்கிறது என்று 1941-இல் எழுதினார். அது என்ன என்று அவருக்குத் தெரியாது. மூன்று ஆண்டு கழித்து, பிரேசில் நாட்டு ஆய்வாளர் அரிஸ்டிடிஸ் லியோ, ஹார்வர்டில் முயல்களின் மூளையில் வலிப்பை ஆராயும்போது, மின் செயல்பாடு அணைந்துகொண்டே போகும் ஓர் அலையைக் கண்டார். அதன் வேகமும் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றுதான் என்று பீட்டர் மில்னர் 1958-இல் எடுத்துச் சொன்னார். கண்ணுக்கு வெளியே மின்னுவதாக நான் நினைத்த அரிவாள், என் மூளைப் பரப்பின்மீது நத்தையாய் நகரும் ஓர் அலை என்று படித்த நாளில் எனக்கு மெய்சிலிர்த்தது.

அந்த நத்தை வேகம்தான் ஒற்றைத் தலைவலியையும் பக்கவாதத்தையும் பிரித்துக்காட்டுகிறது. ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறி மெல்ல வரும், பரவும், நகரும். விரல் நுனியில் ஆரம்பித்த மரமரப்பு பத்து நிமிடத்தில் முழங்கை ஏறி உதட்டுக்குப் போகும். இல்லாத ஒளியைக் காட்டும், இல்லாத குறுகுறுப்பைக் கொடுக்கும். பக்கவாதம் ஒரே நொடியில் வரும், இருப்பதை எடுத்துக்கொண்டு போகும். பாதிப் பார்வை, ஒரு கை, ஒரு சொல் என்று பறித்துவிடும். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவை வரும் முன்னறிகுறியை வீட்டில் யாரும் பிரித்துப் பார்க்க உட்கார வேண்டாம். முதல் தடவை என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

ஒளி முன்வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு, அடைப்பால் வரும் பக்கவாதம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம் என்று 2009-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. ஒளி இல்லாத ஒற்றைத் தலைவலியில் அந்தத் தொடர்பு உறுதியாகவில்லை. இரண்டு மடங்கு என்பது பயமுறுத்தும் சொல். இளம் வயதில் பக்கவாதம் மிக அரிது, அரிதானதன் இரண்டு மடங்கும் அரிதுதான். இரண்டு விஷயம் மட்டும் அந்தக் கணக்கைக் கெடுக்கும். ஒன்று பீடி, சிகரெட். மற்றொன்று ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரும் மாலா-என் அப்படிப்பட்ட மாத்திரைதான். நல்ல மாத்திரை, லட்சக்கணக்கான பெண்களுக்கு உதவியது. ஆனால் கண்ணில் மின்னல் கோடு வரும் பெண்ணுக்கு அது பொருந்தாது, வேறு முறைகள் இருக்கின்றன. மாத்திரை வாங்கும்போது கிராம செவிலியரிடம் "எனக்குத் தலைவலிக்கு முன்னாடி கண்ணுல மின்னும்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

*

நம் ஊர்ப் பெண்களுக்காகவே எழுதியாக வேண்டிய ஒரு தலைவலி இருக்கிறது. குழந்தை பெற்ற பிறகு வரும் தலைவலி.

பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் சட்டம். தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், தையல் ஆறாது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும். காய்ச்சிய நீர் கால் டம்ளர், அதுவும் மாத்திரை விழுங்க. அறைக்கு ஜன்னல் சாத்தியிருக்கும், காதில் பஞ்சு, தலையில் துணிக் கட்டு. பால் கொடுக்கிற பெண், வியர்த்துக் கொட்டுகிற பெண், நாவறண்டு கிடப்பாள். எங்கள் வீட்டில் இந்தச் சட்டத்தைக் காத்து நின்றவர் என் பெரிய அத்தையேதான்.

பிரசவத்தின்போது ரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் நிலையில் இருக்கும். பிள்ளை பெறும்போது ரத்தம் போய்த் தாய் சாகாமல் இருக்க இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. பிறந்து ஆறு வாரம் வரை அந்த நிலை நீடிக்கும். அதன்மேல் தண்ணீர்ப் பஞ்சமும் ரத்தசோகையும் சேர்ந்தால் ரத்தம் இன்னும் கெட்டியாகிறது. அது உறைவது தமனியில் அல்ல, மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் வடிகால் நாளங்களில். வடிகால் அடைத்த வீட்டில் நீர் தேங்குவதுபோல ரத்தம் மூளையில் தேங்கும். அழுத்தம் ஏறும், தலை வலிக்கும்.

இது இடியாக வருவது குறைவு. நாளுக்கு நாள் ஏறும். படுத்தால், இருமினால், குனிந்தால் அதிகமாகும், விடியற்காலையில் மோசமாக இருக்கும். பார்வை மங்கும். பிறகு ஒருநாள் வலிப்பு வரும் அல்லது ஒரு கை விழும். 21 நாடுகளில் 624 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2004-இல் வெளியான ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்குத் தலைவலி இருந்தது. முன்கூட்டியே கதவைத் தட்டுகிற பக்கவாதம் இது. வேறெந்த வகையும் இத்தனை நாள் அவகாசம் தருவதில்லை. அந்தத் தட்டலை "தலையில நீர் கோத்துக்கிச்சு" என்று சொல்லி, தலைக்குப் பற்றுப் போட்டு, இன்னும் இறுக்கிக் கட்டிவிடுகிறோம்.

சென்னை நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை ரத்தக் குழாய்களில் உறைவு வந்த 135 பேரைப் பற்றி 1983-இல் எழுதிய கட்டுரை உலக மருத்துவத்தின் கவனத்தை நம் பக்கம் திருப்பியது. மேலைநாட்டில் அபூர்வமாகிவிட்ட நோய் இங்கே வாடிக்கையாக வந்துகொண்டிருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் டி. நாகராஜாவும் அவருடன் இருந்தவர்களும் பல ஆண்டுகள் இந்தத் தாய்மார்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள்.

சிகிச்சை கேட்பதற்கே விசித்திரமானது. தேங்கிய அழுத்தத்தில் சிறு நாளங்கள் உடைந்து மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தாலும், ரத்தத்தை இளக்கும் ஹெப்பாரின் ஊசியைத்தான் போடுகிறார்கள். கசியும் தலைக்குள் இளக்கும் மருந்தா என்று உலகமே தயங்கியது. ஜெர்மனியில் கார்ல் ஐன்ஹாய்ப்ல் 1991-இல் வெளியிட்ட சோதனையில் மொத்தம் 20 பேர்தான். ஹெப்பாரின் பெற்ற பத்துப் பேரில் எட்டுப் பேர் முழுதும் குணமானார்கள், ஒருவர்கூட இறக்கவில்லை. மருந்தில்லா ஊசி பெற்ற பத்துப் பேரில் மூன்று பேர் இறந்தார்கள். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். அடைத்த வடிகாலைத் திறந்தால்தான் கசிவு நிற்கும் என்பதே அதன் தர்க்கம்.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டவர்களுக்கும் தலை வலிக்கும். அது உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் விடும், சில நாளில் போய்விடும். படுத்தால் கூடுகிற வலி, நாளுக்கு நாள் ஏறுகிற வலி, பார்வை மங்கலோடு வருகிற வலி வேறு. அது வந்தால் அன்றைக்கே போக வேண்டும். சாதாரண சி.டி. ஸ்கேனில் இந்த உறைவு தெரியாமல் போகலாம். பிள்ளை பெற்று எத்தனை நாள் ஆயிற்று என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொன்னால், அவர் நாளங்களைப் பார்க்கும் ஸ்கேன் எழுதுவார்.

*

கழுத்தைப் பற்றியும் சுருக்கமாக. முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துச் சடக்கென்று இருபக்கமும் சொடுக்கிவிடுவது நம் சலூன்களில் பழக்கம். சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூளைக்குப் போகும் நான்கு குழாய்களில் இரண்டு கழுத்தெலும்பின் துளைகள் வழியே ஏறுகின்றன. திடீர்த் திருகலில் அவற்றின் உட்சுவர் கிழியக்கூடும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சில மணி நேரமோ சில நாளோ கழித்துத் துண்டாகி மூளைக்குப் போகும். இடையில் உள்ள அறிகுறி ஒரு பக்கக் கழுத்துவலியும் பிடரித் தலைவலியும் மட்டுமே. ஐம்பது வயதுக்குக் கீழ் வரும் பக்கவாதங்களில் இந்தக் கிழிசலுக்குப் பெரிய பங்கு உண்டு. கழுத்தைச் சொடுக்க வேண்டாம் என்று சலூன்காரரிடம் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

*

"எனக்கு பிபி இருந்தா தலை வலிக்குமே. வலிக்கலையே, அதனால மாத்திரை நிறுத்திட்டேன்." இந்த வாக்கியத்தை மத்திகிரியில் எத்தனை திண்ணையில் கேட்டிருக்கிறேன்! ரத்த அழுத்தம் தலைவலியைக் கொடுப்பது அளவு மீறி உச்சிக்கு ஏறும்போதுதான். அதற்குக் கீழே வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் குழாயை அரிக்கும். தலை வலித்தால் மட்டும் மாத்திரை போடுகிறவர், வீடு எரியும்போது மட்டும் கிணறு வெட்டுகிறார்.

அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ரத்த அழுத்தம் 1944 மார்ச்சில் 186/108. அவருடைய இதய மருத்துவர் அதைக் குறித்துவைத்தார், ஆனால் கொடுக்க மருந்து இல்லை. 1945 ஏப்ரல் 12 மதியம், பிடரியில் பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சரிந்தார். அழுத்தம் அப்போது 300-ஐத் தொட்டிருந்தது. சில மணி நேரத்தில் இறந்தார். உலகின் மிகச் சக்திவாய்ந்த மனிதருக்குக் கிடைக்காத மருந்து அந்நேரம் நம் நாட்டில் செடியாக வளர்ந்துகொண்டிருந்தது. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று பிரிட்டிஷ் இதய இதழில் எழுதியது 1949-இல்.

இன்று அந்த மருந்துகளின் வாரிசுகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிவைத்த இடம் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை ஒரு பெண் பையில் போட்டுக்கொண்டு வந்து, அழுத்தம் பார்த்து, கொடுத்துவிட்டுப் போகிறார். தலைவலியே இல்லாத ஒருவருக்கு மாத்திரை கொடுக்கும் அந்தப் பெண்தான் இந்த அத்தியாயத்தில் நான் பெயர் சொன்ன மருத்துவர்கள் எல்லோரையும்விட அதிகப் பக்கவாதங்களைத் தடுக்கப்போகிறவர் என்று நான் நம்புகிறேன்.

*

ஓசூர் கைக்கடிகாரம் செய்யும் ஊர். பக்கவாதத்தின் மருத்துவமும் கடிகாரத்தில்தான் இருக்கிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைப்பு என்றால் உள்ளே போய் உறைவை இழுத்தெடுக்கலாம், அதற்குச் சிலருக்கு 24 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு. எதற்கும் முதலில் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அடைப்பா கசிவா என்று தெரியாமல் கரைக்கும் ஊசியைப் போட முடியாது. அதனால்தான் திடீர்த் தலைவலிக்கு வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். கசிவாக இருந்தால் அது கசிவை வளர்க்கும். வாய் கோணியவருக்குக் காபியோ தண்ணீரோ ஊற்றவும் கூடாது, விழுங்கும் தசை வேலை செய்யாமல் நுரையீரலுக்குப் போய்விடும்.

அடைபட்ட ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டார். மத்திகிரியிலிருந்து நிம்ஹான்ஸ் சுமார் நாற்பது கிலோமீட்டர். அந்த மருத்துவமனை நிற்கும் சாலையின் பெயரே ஓசூர் சாலை. ஆனால் நடுவில் அத்திப்பள்ளி எல்லை, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு சந்திப்பு. மாலை ஆறு மணி நெரிசலில் அந்த நாற்பது கிலோமீட்டர் எவ்வளவு நீளும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி எல்லை தாண்டுவதற்கு முன், ஸ்கேனும் ஊசியும் இரவிலும் கிடைக்கும் இடம் ஓசூரிலேயே எது என்று நல்ல உடம்போடு இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். 108-ஐ அழைக்கும்போது "மயக்கம்" என்று சொல்லாமல் "பக்கவாதம் மாதிரி இருக்கு, இத்தனை மணிக்கு ஆரம்பிச்சது" என்று சொல்லுங்கள். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்தைச் சொல்லுங்கள். படுக்கப்போகும்போதா, நடுராத்திரி பாத்ரூம் போனபோதா என்ற அந்தச் சின்ன வித்தியாசம் ஊசி போடலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும்.

*

அத்தையின் வலது இமை இன்னும் லேசாக இறங்கித்தான் இருக்கிறது. அழுத்த மாத்திரையைக் காலை டீயோடு, தலை வலித்தாலும் வலிக்காவிட்டாலும், போட்டுக்கொள்கிறார். போன ஆண்டு அவருடைய பேத்திக்குப் பிள்ளை பிறந்தது. நான் பார்க்கப் போயிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலின்மேல் ஒரு பெரிய செம்பு நிறைய வெந்நீர், அதன்மேல் கவிழ்த்த டம்ளர். அத்தை உள்ளே வந்து செம்பைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார்.

"பாதி அப்படியே கிடக்குதே. குடி கண்ணு" என்றார். பிறகு பேத்தியின் நெற்றியில் கை வைத்து, "தலை வலிக்குதா? படுத்தா வலிக்குதா, உக்காந்தா வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல பாட்டி."

"வலிச்சா எப்ப ஆரம்பிச்சதுன்னு மணி பாத்து வெச்சுக்கோ" என்றபடி செம்பை நிரப்ப எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.